குழு வேலையில் பாராட்டு மகளுக்கு, உழைப்பு இன்னொரு பிள்ளைக்கு: எப்படிப் பேசப் பழக்கலாம்?

கல்லடி அம்மா | ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளை வளர்த்தவங்க, படிப்பிக்கிறவங்க கொஞ்சம் நேரமெடுத்து வாசிங்க.

மகள் தரம் 7. போன மாசம் வகுப்பில ஐந்து பேர் சேர்ந்து மட்டக்களப்பு வாவியைப் பற்றி ஒரு குழு வேலை செய்தாங்க. பெரிய சார்ட் ஒன்று எழுதி ஒட்டி, பிறகு முன்னுக்கு வந்து விளங்கப்படுத்தணும். அந்த ஐந்து பேரில ஒரு பிள்ளை வாவிக்கு மேற்குப் பக்கம் இருக்கிற படுவான்கரையில இருந்து வந்து, இங்க அம்மம்மா வீட்டில நின்று படிக்கிறவள். தாய் வெளிநாட்டில வேலை. தகப்பன் வாவியில தொழில் செய்றவர். சார்ட்டில இருந்த விசயத்தில முக்கால்வாசி அந்தப் பிள்ளை கொண்டு வந்தது. எப்ப இறால் படும், மழைக்கு முகத்துவாரம் வெட்டினா வாவித் தண்ணி எப்படி மாறும், மணலை மீனுக்கு என்ன வலை, கொடுவா மீனுக்கு என்ன வலை, எல்லாம் தகப்பனிட்டக் கேட்டு எழுதிக் கொண்டு வந்திருக்காள். சார்ட்டை எழுதினதும் அவள்தான். எழுத்து அவ்வளவு வடிவு.

விளங்கப்படுத்துற நாளில மற்ற நாலு பேரும் பேசினாங்க. அவளுக்குச் சார்ட்டைப் பிடிச்சுக் கொண்டு நிக்கிற வேலை. "நீ கதைச்சா படுவான்கரைக் கதை வரும், எல்லாரும் சிரிப்பாங்க" என்று குழுவில ஒரு பிள்ளை சொன்னதாம். ரீச்சர் பாராட்டினது என்ட மகளையும் இன்னொரு பிள்ளையையும். சார்ட்டுக்குக் கீழ போட்ட பெயர்களில அந்தப் பிள்ளையின்ட பெயரே இல்லை.

இரவு சாப்பிடக்குள்ள மகள் தானாகவே சொன்னாள். "அம்மா, அது சரியில்லம்மா. ஆனா நான் சொன்னா அடுத்த முறை என்னயும் சேர்க்க மாட்டாங்க."

அந்தப் பயம் வெறும் பயமில்லை, அப்படி நடக்கவும் கூடும். போய்ச் சொல்லு என்று அனுப்பிவிட்டு அவள் தனிச்சுப் போனா, வகுப்புக்குள்ள நான் பக்கத்தில நிக்கப்போறதில்லை. உனக்கென்ன, விடு என்று சொல்லவும் மனம் வரல்லை. 12 வயசில ஒரு பிள்ளை இதைக் கண்டு வந்து சொல்லுது, அதை அணைச்சுவிடக்கூடாது. நீங்க என்ன செய்வீங்க?


வாவிக்கரை | ஞாயிறு இரவு

தங்கச்சி, உங்கட மனசு விளங்குது. ஆனா பிள்ளைகள் காலையில கோபிச்சுக்கொண்டு பின்னேரம் ஒன்றாச் சேர்ந்து விளையாடும். நாம உள்ளுக்குப் போனாத்தான் அது பெரிசாகும். எங்கட ஊரில கோலாட்டப் பழக்கத்தில முன்வரிசை யாருக்கு என்று பிள்ளைகளுக்குள்ள தொடங்கினது, திருவிழா முடியிறதுக்குள்ள இரண்டு குடும்பம் முகம் பார்க்காத அளவுக்குப் போயிற்று. பிள்ளைகள் மறுகிழமையே சேர்ந்திற்றுதுகள். பெரியாக்கள் இன்னும் சேரல்லை.

பொறுத்துப் போகவும் ஒரு பிள்ளை பழகத்தானே வேணும். நாளைக்கு வேலைத்தலத்திலயும் இப்படித்தான் நடக்கும்.


களுதாவளை ரீச்சர் | திங்கள்

கல்லடி அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் கண்டது சாதாரண விசயமல்ல. தனக்குக் குறைவாகக் கிடைத்தால் மூன்று நாலு வயதுப் பிள்ளையே சத்தம் போடும். தனக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது, அது இன்னொருவருடையது என்று காண்பதற்குக் காலம் எடுக்கும். சிலர் வளர்ந்த பிறகும் காண்பதில்லை.

இதைப் பற்றி ஏழு நாடுகளில் செய்த ஓர் ஆய்வு 2015 இல் வெளிவந்தது. கனடா, அமெரிக்கா, மெக்சிக்கோ, பெரு, செனகல், உகண்டா, இந்தியா ஆகிய நாடுகளில் 4 முதல் 15 வயதுப் பிள்ளைகள். இரண்டு பேரை எதிரெதிரே இருத்தி, இனிப்பை ஒருவருக்குக் கூட, மற்றவருக்குக் குறைய வைப்பார்கள். ஒரு பிள்ளையிடம்தான் முடிவு. 'வேண்டாம்' என்றால் இருவருக்குமே இல்லை. தனக்குக் குறைந்த பங்கை மறுக்கும் பழக்கம் ஏழு நாட்டுப் பிள்ளைகளிடமும் இருந்தது. தனக்குக் கூடின பங்கை மறுப்பது மூன்று நாடுகளில் மட்டும், அதுவும் வளர்ந்த பிள்ளைகளிடம் தெரிந்தது. இரண்டாவது பழக்கம் வயது ஏற ஏறத் தானாக வரும் என்று இருக்க முடியாது. சுற்றியிருக்கிறவர்கள் எதைப் பெரிதாக நினைக்கிறார்கள் என்பதும் அதில் சேரும் என்றுதான் நான் அதை வாசித்தேன்.

வாவிக்கரை அண்ணன், குடும்பச் சண்டையாகும் என்ற உங்கள் கவலையை நான் தள்ளவில்லை. நானும் கண்டிருக்கிறேன். ஆனால் பொறுத்துப் போகிறது யார் என்று ஒரு தவணை முழுவதும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பிள்ளைதான். கூட்டுகிறது அவள், பொருள் தூக்குகிறது அவள், கடைசியில் நிற்கிறதும் அவள். மற்றப் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் பழக ஒரு வாய்ப்பும் கிடைப்பதில்லை.

வகுப்பில் நான் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன், வீட்டிலும் செய்யலாம். குழு வேலை முடிந்ததும் கொப்பியில் நான்கு நிரல் கீறச் சொல்வேன். யார் யோசித்தது, யார் செய்தது, யார் முன்னுக்கு நின்றது, யாருக்குப் பாராட்டு கிடைத்தது. பிள்ளைகளே பெயர்களை நிரப்புவார்கள். இரண்டாம் நிரலில் இருக்கிற பெயர் நாலாம் நிரலில் இல்லை என்பது அவர்கள் கண்ணுக்கே தெரியும். நான் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. மகளோடு இருந்து இதைக் கீறிப் பாருங்கள். 'நீ என்ன செய்திருக்கலாம்?' என்று உடனே கேட்காதீர்கள். அது விசாரணையாகிவிடும். 'யாருடைய வேலை இங்கே தெரியவில்லை?' என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று. எல்லாருக்கும் ஒரே அளவு என்பதை நியாயம் என்று சின்ன வகுப்பில் நம்புவார்கள், அது பரவாயில்லை. தரம் 6, 7 வரும்போது அதைத் தாண்ட வேண்டும். தூரத்தில் இருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைக்கும் மதிலுக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கும் காலைக் கூட்டுதல் முறை ஒன்றாக இருக்கலாமா என்று வகுப்பிலேயே கேட்கலாம். பிள்ளைகள் நன்றாக வாதாடுவார்கள்.


கல்முனை வாப்பா | திங்கள் இரவு

ரீச்சர் சொன்னது நல்ல விசயம். நான் என்ட மகன்ட ரியூசனில நடந்ததச் சொல்றன்.

அங்க படிக்கிற பொடியனுகளில எங்கட முஸ்லிம் ஆக்கள்தான் கூட. தமிழ்ப் பொடியன் ஒருத்தன் வாறான். நல்லாப் படிப்பான். அவனுக்கு ஒரு பட்டம் வெச்சி, அவன் உள்ளுக்கு வந்தா எல்லாரும் அதச் சொல்லிச் சிரிக்கிறது. அவனும் சிரிப்பான். சிரிக்காம என்ன செய்றது அவன். மகன் வீட்ட வந்து அந்தப் பட்டத்தச் சொல்லிச் சிரிச்சான். நான் ஏசல்ல. "நீ காரைதீவுப் பக்கம் கிரிக்கட் ஆடப் போறாய்தானே, அங்க முஸ்லிம் நீ ஒருத்தன்தான். அங்க உனக்கு இப்படி ஒண்டு வெச்சா?" எண்டு கேட்டன். பேசாம இருந்தான்.

எங்கட பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில ஒரு வசதி இருக்கி. ஒரு இடத்தில நாம கூட, அடுத்த இடத்தில நாம ஒற்றை. பஸ்ஸில கால் மணித்தியாலம் போனா மாறிரும். ரெண்டு பக்கத்தையும் ஒரே பிள்ளை பாக்கும். அதப் பெத்தவங்க பேசிக் குடுக்கணும். இல்லாட்டி ஒற்றையா இருக்கக்குள்ள பட்ட நோவ மட்டும் வெச்சிக்கிட்டு, கூட இருக்கக்குள்ள தான் செய்யிறத மறந்திரும்.

பிறகு நானும் மகனும் ஒரு வசனத்தப் பழகினம். நீ முதல் ஆளா எழும்பித் தடுக்கத் தேவையில்ல, ஆராவது "அப்படிச் சொல்லாதடா" எண்டு சொன்னா, நீ ரெண்டாவதா "ஓம், எனக்கும் அது புடிக்கல்ல" எண்டு சொல்லு, அவ்வளவுதான். ஒரு நாள் வேற ஒரு பொடியன் சொல்லியிருக்கான். எல்லாரும் அவனப் பாத்துச் சிரிக்கத் தொடங்க, மகன் தன்ட வசனத்தச் சொன்னானாம். அதோட அந்தப் பட்டம் நிண்டுட்டு. முதல்ல சொன்ன பொடியன் வீட்டுக்கு வந்து மகனோட சாப்பிட்டுப் போனான். என்ட மனசுக்கு அது பெரிய விசயம்.


களுதாவளை ரீச்சர் | திங்கள் இரவு

நானா, இந்த இழையில் இதைவிடப் பயனுள்ள ஒன்று வருமா தெரியவில்லை. முதலாவதாகப் பேசு என்று எல்லாரும் பிள்ளைக்குச் சொல்கிறோம். இரண்டாவதாகப் பேசு என்று சொல்லிக் கொடுக்கிறவர் குறைவு. முதல் ஆள் தனியாகப் போய்விடுவதே அந்த இரண்டாவது குரல் வராததால்தான்.

1950களில் அமெரிக்காவில் சொலமன் ஆஷ் என்கிற உளவியலாளர் செய்த பரிசோதனை பிரபலமானது. ஒரு கோட்டைக் காட்டி, இதற்குச் சமமான நீளம் எது என்று ஒரு குழுவிடம் கேட்பார்கள். முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள் எல்லாரும் பிழையான விடையையே சொல்வார்கள். உண்மையில் பரிசோதிக்கப்படுகிறவர் ஒருவர்தான். கண்ணுக்கு நேரே தெரிகிற விசயத்தில் கூடப் பலர் சில தடவைகளாவது கூட்டத்தோடு சேர்ந்து பிழையைச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, அப்படி இழுபடுவது பெருமளவு குறைந்தது.

கனடாவில் பாடசாலை மைதானங்களில் பிள்ளைகளைப் படம்பிடித்துப் பார்த்த ஆய்வும் உண்டு, 2001 இல் வந்தது. ஒரு பிள்ளையை மற்றவர்கள் வருத்தும்போது இன்னொரு பிள்ளை குறுக்கே வந்தால், பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் 10 செக்கனுக்குள் அது நின்றது. பெரிய பேச்சு, வீரம் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆகவே கல்லடி அம்மா, மகள் சொல்கிற 'என்னயும் சேர்க்க மாட்டாங்க' என்ற பயத்துக்குப் பதில், பயப்படாதே என்பது அல்ல. குழுவில் இன்னும் யாருக்கு இது பிடிக்கவில்லை என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நாலு பேரில் ஒருத்தியாவது இருப்பாள். இருவரும் முதலே பேசிக்கொண்டு போகட்டும்.


திருக்கோவில் தங்கச்சி | செவ்வாய்

நான் உயர்தரம் படிக்கிறன். பெரியாக்கள் கதைக்கிற இடம், ஆனா ஒன்று சொல்லத் தோணுது.

அந்தப் பிள்ளையிட்ட யாராவது கேட்டீங்களா?

நான் தரம் 8 படிக்கக்குள்ள கல்விச் சுற்றுலாவுக்குக் காசு கட்டல்லை. வீட்டில அப்ப இல்லை. பெயர் வாசிக்கக்குள்ள என்ட பெயர் வரல்லை. என்ட கூட்டாளி ஒருத்தி எழும்பி, "ரீச்சர், காசில்லாட்டி கூட்டிக்கொண்டு போகமாட்டீங்களா, இது அநியாயம்" என்று முழு வகுப்புக்கும் முன்னால சொன்னாள். அவள் என்மேல உள்ள பாசத்தில சொன்னது, இண்டைக்கும் அவள்தான் என்ட நல்ல கூட்டாளி. ஆனா அந்த நிமிசத்தில வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பாத்துது. அதுக்கு முதல் எங்கட வீட்டில காசில்லை என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அதால, ஒரு ஆளுக்காகப் பேச முதல் அந்த ஆளிட்டக் கேக்கணும். "உனக்கு அது எப்படி இருந்திச்சு? நான் ஏதும் சொல்லட்டா, வேணாமா?" இந்த இரண்டு கேள்வியும் தனிய வெச்சுக் கேட்டாப் போதும். சில நேரம் அந்தப் பிள்ளைக்கு ரீச்சரிட்டச் சொல்லவே விருப்பமிருக்காது. ஆரும் பக்கத்தில வந்து இருந்தாலே காணும்.

இன்னொன்று, பேசித்தான் சரியாக்கணும் என்றும் இல்லை. அடுத்த குழு வேலையில உங்கட மகள், "இந்த முறை இவள் கதைக்கட்டும், நான் சார்ட்டைப் பிடிக்கிறன்" என்று சொன்னா? அதில ஒருத்தரையும் குற்றம் சொல்லல்லை. தன்ட இடத்தைத்தான் குடுக்கிறாள். அதை எதிர்த்துச் சண்டை பிடிக்கிறது மற்றவங்களுக்கும் கஷ்டம்தான்.


வாவிக்கரை | செவ்வாய்

இந்தத் தங்கச்சி சொன்னதை நான் முழுசா ஏற்றுக்கொள்றன். சண்டை வராமலே நியாயம் செய்ய ஒரு வழி இருக்கு என்றால் அதுக்கு நான் எதிரில்லை.

ஆனா எனக்கு இன்னொரு கேள்வி, இதுக்கு ஆரும் மழுப்பாமப் பதில் சொல்லுங்க. பிள்ளைகளுக்குள்ள நடக்கிறது சரி. அநியாயம் மேல இருந்து வந்தா? தமிழ்த்தினப் போட்டி நாடகத்தில முக்கிய பாத்திரம் எப்பவும் ஒரே வீட்டுப் பிள்ளைக்கு. ரியூசனுக்கு வாற பிள்ளைகள் முன் வாங்கில, வராத பிள்ளைகள் பின்னுக்கு. இதை ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டா "வாய் காட்டுறாள்" என்று பேர். அந்தப் பேர் தரம் 11 வரைக்கும் அவளோட போகும். நியாயம் கேளு என்று சொல்லி அனுப்பிறது நாம, அடி வாங்கிறது பிள்ளை. இதுதான் என்ட முதல் பதிவிலயும் என்ட மனசில இருந்தது.


களுதாவளை ரீச்சர் | செவ்வாய் இரவு

அண்ணன், நானும் ஓர் ஆசிரியை. ஆகவே நேராகவே பதில் சொல்கிறேன். நீங்கள் சொல்வது நடக்கிறது. அந்த இடத்தில் பிள்ளையைத் தனியே முன்னுக்கு விடக்கூடாது. அதிகாரம் உள்ளவரின் அநியாயத்தைத் தட்டிக் கேட்கிற பொறுப்பு பெரியவர்களுடையது. பிள்ளை செய்ய வேண்டியது கண்டதைக் கண்டபடி வந்து நமக்குச் சொல்வது.

சின்ன விசயங்களுக்குப் பிள்ளை கேட்கலாம், கேட்கிற விதத்தைப் பழக்கலாம். பாடம் நடக்கும்போது எழும்பிக் கேட்டால் ஆசிரியருக்கும் பின்வாங்க இடமில்லாமல் போகிறது. இடைவேளையில், ஒரு கூட்டாளியோடு போய், "ரீச்சர், ஒரு விசயம் கேட்கலாமா? பின் வாங்கில இருக்கிற எங்களுக்குக் கரும்பலகை தெரியல்ல, கிழமைக்குக் கிழமை மாறி இருக்கலாமா?" என்று கேட்டால் எந்த ஆசிரியருக்கும் அது மரியாதைக் குறைவாகத் தெரியாது. நடந்ததைச் சொல்ல வேண்டும், வேண்டியதைச் சொல்ல வேண்டும். 'நீங்க பாரபட்சம்' என்று ஆளைச் சொன்னால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

அதற்கும் சரிவராவிட்டால் பெற்றோர் போக வேண்டும். முதலில் வகுப்பாசிரியர், பிறகு பகுதித் தலைவர், பிறகு அதிபர். இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து போனால் ஒரு பிள்ளையின் பெயர் அடிபடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பொதுவான முறையாகக் கேட்கலாம்: நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவது எப்படி, யார் தெரிவது, எல்லாப் பிள்ளைக்கும் அறிவித்தல் போகிறதா? அதற்கும் மேலே வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது. எழுத்தில் கொடுங்கள்.

ஆனால் இதையெல்லாம் விட முக்கியமாக நான் நினைப்பது வீடு. மீன் பொரித்தால் பெரிய துண்டு தம்பிக்கு. சாப்பிட்டு முடிய கோப்பை கழுவுவது அக்கா. "ஏன் நான் மட்டும்?" என்று அந்தப் பெண்பிள்ளை ஒரு நாள் கேட்கும். பிள்ளை முதன்முதலில் நியாயம் கேட்கிற இடம் அதுதான். அங்கே "வாயை மூடு" என்று பதில் கிடைத்தால், பாடசாலையில் வாய் திறக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது? "நீ சொல்றதும் சரிதான், இண்டைக்குத் தம்பி கழுவட்டும்" என்று ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். கேட்டால் ஏதோ மாறும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். எல்லாமே மாற வேண்டியதில்லை. மாற்ற முடியாவிட்டால் காரணத்தையாவது சொல்லுங்கள்.


சிறுவர் கழகத் தொண்டன் | புதன்

பிரதேச செயலகப் பிரிவொன்றில் கிராமத்துச் சிறுவர் கழகங்களோடு வேலை செய்கிறவன். ஒரு எல்லைக்கோட்டைச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் மேலே அது வரவில்லை.

பேச இடம் தராதது, பெயர் போடாதது, சேர்க்காமல் விடுவது, இவற்றைப் பிள்ளைகள் நம் துணையோடு தாங்களே தீர்க்கப் பழகலாம். அடி, மிரட்டல், காசு பறிப்பது, உடலைத் தொடுவது, படம் எடுத்து வைத்துப் பயமுறுத்துவது என்று வந்தால் அது வேறு. 'நீ தைரியமாகப் பேசு' என்று பிள்ளையின் தலையில் அதைக் கட்டக்கூடாது. உடனே பெரியவர் கையில் எடுக்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்குப் பிள்ளையே அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம். அந்த அதிகாரசபை 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சிறுவர் விடயத்துக்கு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். நேரே போய்ப் பேசலாம்.

இரண்டாவது, பிள்ளை கருத்துச் சொல்வது நாம் தயவில் கொடுக்கிற ஒன்று அல்ல. 1989 இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தில் இலங்கை 1991 இல் சேர்ந்தது. அதன் 12 ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கிற விசயங்களில் பிள்ளை தன் கருத்தைச் சொல்ல உரிமையுண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டு அரசியலமைப்பின் 12(2) உறுப்புரையில் எந்தக் காரணங்களால் ஒருவருக்குப் பாரபட்சம் காட்டக்கூடாது என்று ஒரு வரிசை இருக்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து இவற்றோடு பிறந்த இடமும் அதில் வருகிறது. படுவான்கரைப் பேச்சு என்று சிரித்த பிள்ளைக்குச் சட்டம் படிப்பிக்க வேண்டாம். ஆனால் நாட்டின் மூலச்சட்டத்திலேயே இடம் பிடித்த விசயம் இது என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கழகக் கூட்டங்களில் நாங்கள் வட்டமாக இருத்துவோம். பேச்சு வயதில் சிறிய பிள்ளையிடம் இருந்து தொடங்கும். பெரிய பிள்ளை முதலில் பேசினால் மற்றவர்கள் எல்லாரும் 'அதேதான்' என்று சொல்லிவிடுவார்கள். எழுதிப் போடுகிற பெட்டியும் உண்டு. பெட்டி வைத்தால் குறித்த நாளில் எல்லார் முன்னாலும் திறந்து வாசிக்க வேண்டும். திறக்காத பெட்டி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்று: எழுதியும் பயனில்லை.


தம்பிலுவில் அம்மம்மா | புதன் இரவு

பேத்தி போன் பிடிச்சு வாசிச்சுக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுறாள்.

எங்கட அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில அம்மன்ட கதையைச் சொல்ற வழக்குரைப் பாட்டைப் படிக்கிறதை நான் சின்னதில இருந்து கேட்டு வாறன். பிள்ளைகளும் வந்து இருப்பாங்க. கண்ணகை அம்மன் நியாயம் கேட்டவ என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். நான் பேரப்பிள்ளைகளிட்ட வேற ஒரு கேள்வி கேப்பன். அம்மன் அரண்மனைக்கு வாறதுக்கு முதல் ஆர் பேசியிருக்கலாம்?

சிலப்பதிகாரத்தில கொலைக்களக் காதை என்று ஒரு பகுதி இருக்கு. கோவலனைக் கொல்லப் போன காவலர் அவன்ட தோற்றத்தைப் பார்த்து, இவன் கொல்லப்பட வேண்டிய ஆளில்லை என்று சொல்லுறாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பொற்கொல்லன் சிரிச்சு, கள்ளர்ட தந்திரம் அது இது என்று கதை விட்டு அவங்கட மனசைக் குழப்புறான். கடைசியில குடிகாரன் ஒருத்தன் வாளை வீசுறான். தெரிஞ்சவங்க நாலு பேர் நிண்டும் ஒண்டும் நடக்கல்ல. "அரசரிட்ட இன்னொருக்கா கேப்பம்" என்று ஒருத்தன் சொல்லி, "ஓம், கேப்பம்" என்று மற்றவன் சொல்லியிருந்தா?

கல்முனைத் தம்பி அந்த இரண்டாவது வசனத்தைச் சொன்ன உடனே எனக்கு இதுதான் நினைவு வந்தது. பிள்ளைகளுக்குத் தெரிஞ்ச கதையிலயே கேட்டா அவங்க நல்லா யோசிப்பாங்க, மகள். பேத்தி சொல்றாள், காவலருக்கும் வேலை போயிரும் என்று பயம் இருந்திருக்கும் என்று. அதுவும் சரிதான். அதையும் கதைச்சம்.


கல்லடி அம்மா | சனி

எல்லாருக்கும் பதில் எழுத நாளாயிற்று. நடந்ததைச் சொல்றன்.

ரீச்சர் சொன்ன நாலு நிரலையும் மகளோட இருந்து கீறினம். அந்தப் பிள்ளையின்ட பெயர் முதல் இரண்டு நிரலிலயும் மட்டும். மகள் அதைக் கனநேரம் பாத்துக்கொண்டிருந்தாள். பிறகு திருக்கோவில் தங்கச்சி சொன்ன மாதிரி, பாடசாலை விட்டு வரக்குள்ள அந்தப் பிள்ளையிட்டத் தனியக் கேட்டிருக்காள். ரீச்சரிட்டச் சொல்ல வேணாம் என்றுதான் அவள் முதல் சொன்னது. பேசாததுக்குக் கூட அவளுக்குக் கவலையில்லையாம். "சார்ட்டில என்ட பெயர் இல்ல. அப்பா ஒரு நாள் பாக்க வாறன் எண்டவர்" என்று சொல்லியிருக்காள்.

அது எங்கட ஒருத்தருக்கும் தோணல்லை. கேட்டிருக்காட்டி மகள் ரீச்சரிட்டப் போய் வேற என்னவோ சொல்லியிருப்பாள்.

குழுவில இன்னொரு பிள்ளைக்கும் இது மனசில இருந்திருக்கு. அவளும் மகளும் சேர்ந்து மற்ற இரண்டு பேரிட்டயும் போய், பெயர் விடுபட்டிற்று, எழுதப்போறம் என்று சொன்னாங்களாம். ஒருத்தி சரி என்றாள். படுவான்கரைக் கதை என்று சிரிச்ச பிள்ளை, "அப்ப நான் செய்தது பிழையெண்டு எல்லாருக்கும் காட்டப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போயிற்றாள். வியாழக்கிழமை பெயரை எழுதியாச்சு. வகுப்பாசிரியர் கண்டுவிட்டு, இதை எழுதினது இவளா என்று கேட்டு, அந்தப் பிள்ளையிட்ட வலைகளைப் பற்றி இரண்டு மூன்று கேள்வி கேட்டவவாம். இருந்த இடத்திலயே பதில் சொன்னாளாம், தன்ட பேச்சிலயே.

சிரிச்ச பிள்ளை இப்ப மகளோட கதைக்கிறதில்லை. மகளுக்கு அது கவலைதான். சாப்பாட்டு நேரம் முந்தி இருந்த இடத்தில இருக்காம மற்றப் பிள்ளையோட இருக்கிறாள். அந்தப் பிள்ளையையும் எப்படிச் சேர்த்துக்கொள்றது என்று ஆரும் சொல்லுங்க.


கல்முனை வாப்பா | சனி

மாஷா அல்லாஹ். தங்கச்சி, உங்கட மகளுக்கும் அந்த ரெண்டாவது பிள்ளைக்கும் எங்கட வீட்டில இருந்து சலாம் சொல்லுங்க.


திருக்கோவில் தங்கச்சி | சனி இரவு

அக்கா, அந்தப் பிள்ளையை ஒன்றும் விளங்கப்படுத்தப் போக வேணாம் இப்ப. அவளுக்கு வெக்கம். கொஞ்ச நாள் விடச் சொல்லுங்க. ஆனா மகள் வழமை போல "வாறியா?" என்று கேக்கிறதை நிப்பாட்டக்கூடாது. பதில் சொல்லாட்டியும் பரவாயில்லை.


களுதாவளை ரீச்சர் | ஞாயிறு

தங்கச்சி சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். சிரித்த பிள்ளைக்கும் 12 வயதுதான். படுவான்கரைப் பேச்சு சிரிப்புக்குரியது என்று அவளாகக் கண்டுபிடித்திருக்க மாட்டாள். கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் நாம் பெரியவர்கள் கதைப்பதைக் கேட்டு எடுத்துக்கொண்டது அது. ஆகவே அவளைக் குற்றவாளியாக்காமல் பழையபடி சேர்ப்பதற்குப் பெரியவர்கள்தான் வழி செய்து கொடுக்க வேண்டும். வகுப்பாசிரியரைச் சந்தித்து, எந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லாமல், அடுத்த தவணையில் குழுக்களை மாற்றி அமைக்கவும், பேசுவது, எழுதுவது, பொருள் எடுப்பது எல்லாம் முறை வைத்து மாறவும் முடியுமா என்று கேளுங்கள். உங்கள் மகளும் அந்தப் பிள்ளையும் ஒரே குழுவில் வந்தால் நல்லது. ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும்போது பேச்சு தானாக வரும்.

பெற்றோர் கூட்டம் எப்போது என்று இங்கே எழுதுங்கள். என்னென்ன கேட்கலாம் என்று அதற்கு முதல் சேர்ந்து எழுதிக்கொள்வோம்.